பற்று நோட்டு: தென்மாவட்டக் கிராமத்துக் கடைகளில் கடனும் அதிகாரமும்

தமிழக வணிக வரலாறு என்றதும் ஐந்நூற்றுவர், மணிக்கிராமத்தார், நாகப்பட்டினத்துக் கப்பல்கள், பர்மாவுக்குப் போன நகரத்தார் என்று பெரிய பெயர்களே நினைவுக்கு வருகின்றன. கல்வெட்டு, செப்பேடு, கம்பெனிக் கடிதம், நீதிமன்றத் தீர்ப்பு என்று அவர்களுக்கெல்லாம் சான்றுகள் இருக்கின்றன. ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன்பு கரிசல்காட்டுக் கிராமம் ஒன்றில் உப்பும் புளியும் மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதரைப் பற்றி எழுதப் புகுந்தால் அநேகமாக ஒன்றும் அகப்படாது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வணிகக் குழு எந்தக் கோயிலுக்கு எவ்வளவு கொடுத்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. நம் பாட்டி எந்தக் கடையில் என்ன வாங்கினாள், அதற்கு எப்போது காசு கொடுத்தாள் என்று சொல்ல முடிவதில்லை.

அந்தக் கடையில் அதிகம் விற்ற சரக்கு எது என்று கேட்டால் நான் கடன் என்றுதான் சொல்வேன். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் அந்தக் கடன் வீடு போய்ச் சேர்ந்த வடிவங்கள். மழையை நம்பி விதைத்து, ஆண்டுக்கு ஒரு முறையோ இரண்டு முறையோ மட்டும் கையில் காசு பார்க்கும் ஊரில் அன்றாடம் சமைக்க வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் இடையிலான மாதங்களைத் தாங்கியவர் கடைக்காரர். அந்த இடத்தில் இருந்ததால்தான் அவருக்கு மரியாதையும் வந்தது, அதிகாரமும் வந்தது, பகையும் வந்தது.

விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளின் வானம் பார்த்த ஊர்களை வைத்தே இதை எழுதுகிறேன். காவிரிப் படுகையில் செட்டியார் கடையும் ராவுத்தர் கடையும் இருந்தன. அங்கே கூலியே நெல்லாக அளக்கப்பட்டதால் கணக்கின் போக்கும் வேறாக இருந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும். தெற்கே பெரும்பாலான கிராமங்களில் கடைக்காரர் என்றால் நாடார். ‘அண்ணாச்சி கடை’ என்று இன்று சென்னைவரை வழங்கும் பெயருக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

இதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட பின்னணி உண்டு. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டில் பனையேறிப் பிழைத்த மக்களில் ஒரு பகுதியினர் கருப்பட்டி, கருவாடு, உப்பு முதலியவற்றை மாட்டின் மேலும் வண்டியிலும் ஏற்றிக்கொண்டு வடக்கே மறவர் நாட்டுக்குள் போனார்கள். 1801இல் பாளையக்காரர் போர்கள் முடிந்து வழிகள் ஓரளவு அச்சமற்றுப் போனபின் இந்தப் போக்குவரத்து பெருகியது. இரவில் வண்டியை அவிழ்த்துப்போட, சரக்கைக் காவல் காக்க, மாட்டுக்குத் தண்ணீர் காட்ட மதிலும் கிணறும் உள்ள பேட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். சிவகாசி, விருதுபட்டி என்ற விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இப்படித்தான் வணிக ஊர்களாக எழுந்தன. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய நூலில் இந்தப் பேட்டைகளையும் அவற்றில் வசூலான மகமையையும் விரிவாக எழுதியிருக்கிறார். பேட்டைக்குள் வந்துபோகும் சரக்கின் அளவுக்கேற்ப ஒவ்வொரு வணிகரும் செலுத்திய பொதுநிதிதான் மகமை. உறவின்முறை என்ற அமைப்பு அதை நிருவகித்தது. கிணறு, கோயில், பள்ளிக்கூடம் என்று அந்தப் பணம் போயிற்று. விருதுநகரில் சத்திரிய வித்தியாசாலை பிடி அரிசித் திட்டத்தால் வளர்ந்ததும், காமராசர் அங்கே படித்ததும், படிப்பை நிறுத்தித் தாய்மாமன் ஜவுளிக்கடையில் நின்றதும் பலரும் அறிந்தவை.

நகரத்துப் பேட்டையில் கூட்டமாக இருந்த வணிகருக்கும், அங்கிருந்து பத்துக் கல் தள்ளி ஒரு கிராமத்தில் கடை போட்ட உறவினருக்கும் நிலைமை ஒன்றல்ல. பின்னவர் பிற சாதியார் நிறைந்த ஊரில் ஓரிரு குடும்பங்களாக இருந்தார். ஊரில் அவருக்கு நிலம் இல்லை, அல்லது மிகக் குறைவு. கொள்வினை கொடுப்பினையும் இல்லை. கோயிலில் உரிமையும் இல்லை. 1897இல் கமுதியில் நாடார்கள் கோயிலுக்குள் நுழைந்ததையொட்டி இராமநாதபுரம் அரசர் தொடுத்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய் 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. அதற்கிடையில் 1899இல் சிவகாசி தாக்கப்பட்டது. சுற்றுவட்டக் கிராமங்களிலும் வீடுகளும் கடைகளும் கொள்ளைபோயின. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவலின் மையத்தில் இருப்பது இந்தக் காலம்தான்.

கடை வரலாற்றில் இந்தக் கலவரத்துக்கு என்ன இடம்? கிராமத்துக் கடைக்காரர் ஊருக்குக் கடன் கொடுத்தவர். அதே நேரத்தில் ஊரின் தயவில் வாழ்ந்தவர். கடனைக் கேட்டு ஓர் எல்லைக்கு மேல் இறுக்கினால் அவருடைய கூரைக்குப் பாதுகாப்பு இல்லை. இறுக்காமல் விட்டால் விருதுநகர் மொத்த வியாபாரிக்குக் கெடு தவறிவிடும். ஊராரோடு அவர் பேசிய பதமான பேச்சும், ‘வாங்க மொதலாளி’, ‘சொல்லுங்க தாயி’ என்ற விளிகளும், எவர் சண்டையிலும் வாய் கொடுக்காத கவனமும் இந்த இரட்டை நெருக்கடியில் பழகியவை. இதை வெறும் வியாபாரத் தந்திரம் என்று தள்ளிவிட முடியாது.

இன்னொரு பக்கம், சொந்த ஊர்க்காரரால் செய்ய முடியாத ஒன்றை இந்த வெளியாரால் செய்ய முடிந்தது. பங்காளியிடமும் சம்பந்தியிடமும் கடன் கேட்பது கௌரவக் குறைச்சல். கொடுத்தவர் திருப்பிக் கேட்டாலோ உறவு முறிந்துவிடும். கடைக்காரரிடம் அந்தச் சங்கடம் கிடையாது. அவர் எல்லா வீட்டுக்கும் சம தூரத்தில் இருந்தார். நாயக்கர் வீட்டில் வாங்கும் அரிசியின் அளவு தேவர் வீட்டுக்குத் தெரியாது. தேவர் வீட்டுப் பாக்கி நாயக்கர் வீட்டுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவர் கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் ஒருவரே. அவரும் அதைச் சொல்லமாட்டார் என்ற உறுதியில்தான் நடமாட்டம் ஓடியது.

கடையின் உள்ளமைப்பைச் சற்றுக் கிட்டத்தில் பார்க்கலாம். முன்னால் திண்ணை, பலகைக் கதவு. ஒவ்வொரு பலகையிலும் எண் எழுதியிருக்கும். காலையில் வரிசையாகக் கழற்றி, இரவில் அதே வரிசையில் மாட்டுவார்கள். உள்ளே சாக்குகள், தகர டின்கள், கண்ணாடிப் பாட்டில்கள். விட்டத்திலிருந்து தொங்கும் நூல்கண்டு. பழைய செய்தித்தாளைக் கூம்பாகச் சுருட்டி, கடுகோ சீரகமோ போட்டு, வாயை மடித்து, நூலை இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்து அறுப்பதை ஒரே வீச்சில் செய்யும் கைப்பழக்கம் கடைப்பையனுக்கு முதல் ஆண்டிலேயே வந்துவிட வேண்டும். உப்பு மூட்டை வெளியே திண்ணையில் கிடக்கும். அதை யாரும் திருடமாட்டார்கள். மண்ணெண்ணெய் டின் உணவுப் பண்டங்களிலிருந்து தள்ளி ஒரு மூலையில் இருக்கும். நல்லெண்ணெய்க்கும் கடலை எண்ணெய்க்கும் தனித்தனி அளவைகள், தனித்தனிப் புனல்கள். தானியம் அளக்கும்போது முதல் படியை ‘ஒன்று’ என்று எண்ணாமல் ‘லாபம்’ என்றுதான் தொடங்குவார்கள். முதல் போணி ரொக்கமாக இருக்க வேண்டும். அதுவரை கடன் கிடையாது. விளக்கு வைத்தபின் ஊசியும் உப்பும் கிடையாது. வாங்குகிறவர் கையில் கொஞ்சம் பொரிகடலையோ வெல்லத் துணுக்கோ கொசுறாக விழ வேண்டும். குழந்தையைக் கடைக்கு அனுப்பும் தாய்க்கு அந்தக் கொசுறு பெரிய உதவி. அதற்காகவே குழந்தை ஓடும்.

அளவுகள் பற்றிக் கட்டாயம் ஒன்று சொல்ல வேண்டும். 1957 ஏப்ரல் 1ஆம் தேதி நயாபைசா வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இயற்றிய எடையளவுச் சட்டத்தின்படி 1962 வாக்கில் கிலோவும் லிட்டரும் நாடு முழுவதும் கட்டாயமாயின. நாற்பது பலம் கொண்ட வீசையும், எட்டு ஆழாக்குக் கொண்ட படியும் சட்டப்படி முடிந்துபோயின. கிராமத்தில் படி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. உழக்கு, ஆழாக்கு என்று கேட்டுவந்த பெண்களுக்கு அதே பெயரில் கொடுத்து, டவுனில் கிலோவில் வாங்கிய சரக்கைப் படிக்கு மாற்றிக் கணக்குப் போட்டவர் கடைக்காரர். இந்த மாற்றத்தில் சிலர் ஏமாற்றவும் செய்தார்கள். படியின் அடியை உள்பக்கமாகத் தட்டி எழுப்புவது, அளக்கும்போது கட்டைவிரலை உள்ளே விடுவது, வாங்கும்போது கூம்பாகவும் விற்கும்போது தலைதட்டியும் அளப்பது எல்லாம் ஊரறிந்தவை. ஆனாலும் ஒரே ஊரில் முப்பது ஆண்டு கடை நடத்தியவர் அளவில் தொடர்ந்து ஏமாற்றியிருக்க முடியாது. வாங்கிய பருப்பைப் பெண்கள் வீட்டில் மறுபடி அளந்து பார்த்தார்கள்.

இனி நோட்டுக்கு வருவோம். நகரத்து வணிகர் நாள்வழி, பேரேடு என்று பகுத்து எழுதினார். கிராமத்துக் கடையில் பெரும்பாலும் ஒரே நோட்டுதான். நீளவாக்கில் மடித்துத் தைத்தது. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, மஞ்சள், குங்குமம். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். தலைப்பில் ஆளின் பெயர் அநேகமாக இருக்காது. ‘மேலத்தெரு கொத்தனார்’, ‘கிணத்தடி வீடு’, ‘வாத்தியார் சம்சாரம்’, ‘கம்மாக்கரை பெரியவர்’ என்றே இருக்கும். கீழே தேதி, பண்டம், தொகை. புளி, வத்தல், மல்லி, சீயக்காய் எல்லாம் ஓரிரு எழுத்துகளில். திருவிழா மாதத்தில் சீனியும் மைதாவும் கூடும். வீட்டில் பிரசவம் என்றால் சுக்கு, மிளகு, ஓமம், கருப்பட்டி, வசம்பு வரிசையாக ஏறும். சாவு என்றால் ஒரே நாளில் பெரிய தொகை. ஆண்டின் சில மாதங்களில் பக்கத்தில் வரவே இராது, பற்று மட்டும் ஏறிக்கொண்டே போகும். பருத்தி எடுப்பும் மிளகாய்ப் பறிப்பும் வந்ததும் ‘வரவு’ என்று ஒரு வரி விழும். ஒரு வீட்டின் ஓராண்டு வாழ்க்கையை இவ்வளவு நேராகச் சொல்லும் ஆவணம் கிராமத்தில் வேறு இல்லை. கிராம நிர்வாக அலுவலரின் அடங்கல் நிலத்தைச் சொல்லும், பயிரைச் சொல்லும். அடுப்பில் என்ன வெந்தது என்று சொல்லாது.

“அண்ணாச்சி, அரைப்படி உளுந்தும் ஒரு சீசா கடலெண்ணெயும் குடுங்க. பருத்தி எடுத்ததும் தாரேன்.”

“போன வருசப் பாக்கியே நிக்கில்லா தாயி. சரி, மழை இந்தா இறங்கிரும். எழுதிக்கிடுதேன்.”

இந்த உரையாடலில் வட்டி என்ற சொல் இல்லை. நோட்டிலும் வட்டிக்கு என்று பத்தி கிடையாது. வெளியிலிருந்து பார்த்த பலர் இதை வட்டியில்லாக் கடன் என்றும், கிராமத்து நல்லிணக்கம் என்றும் எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. வட்டி இரண்டு விலைகளுக்குள் இருந்தது. கடனுக்கு வாங்குகிறவருக்கு விலை சற்றுக் கூடுதல். இது முதல் இடம். அறுவடையில் அதே வீட்டுப் பருத்தியையோ மிளகாயையோ நிலக்கடலையையோ கடைக்காரரே எடுத்துக்கொள்ளும்போது கொடுக்கும் விலை சந்தை விலையைவிடச் சற்றுக் குறைவு. இது இரண்டாம் இடம். ஊர் முழுவதும் ஒரே வாரத்தில் விற்கிறபோது விலை இறங்கியிருக்கும். அப்போது வாங்கிச் சேர்த்து வைத்து இரண்டு மாதம் கழித்து விருதுநகர் மார்க்கெட்டில் போட்டால் அவருக்கு ஆதாயம். பாக்கி இருக்கிற வீடு வேறு வியாபாரியிடம் விளைச்சலைக் கொண்டுபோக முடியாது. அதற்கென்று எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. கொண்டுபோனால் அடுத்த ஆடியில் கடன் கிடைக்காது, அவ்வளவுதான்.

இதைச் சுரண்டல் என்று ஒரே சொல்லில் முடித்துவிடவும் எனக்கு மனமில்லை. மழை பொய்த்த ஆண்டில் நோட்டிலிருந்த பாக்கியில் பாதி திரும்பாது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போனவரின் பக்கத்தைக் கோடு போட்டு அடிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அந்த நட்டத்துக்கான ஈட்டுத்தொகையும் அந்த இரண்டு விலைகளுக்குள்தான் அடங்கியிருந்தது. நேர்மையாகக் கட்டிய வீடுகள், கட்ட முடியாத வீடுகளின் சுமையையும் சேர்த்துச் சுமந்தன. யாருக்கு எவ்வளவு கூட்டி விற்பது, யாருடைய பாக்கியை மறப்பது என்று முடிவு செய்த இடம் கல்லா. அதன் மேல் எந்த மேற்பார்வையும் இல்லை.

சட்டம் இந்த நோட்டை எப்படிப் பார்த்தது? 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 34ஆம் பிரிவு, தொழில்முறையில் ஒழுங்காக எழுதிவரும் கணக்குப் புத்தகத்தின் பதிவுகளை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்றது. ஆனால் அந்தப் பதிவு மட்டுமே ஒருவர்மேல் கடனைச் சுமத்தப் போதாது என்றும் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் இந்த விதி தொடர்கிறது. கையெழுத்தோ கைநாட்டோ இல்லாத பற்று நோட்டை வைத்துக்கொண்டு கடைக்காரர் வழக்காடி வென்றிருக்க முடியாது. அவர் வழக்குக்குப் போகவும் இல்லை. ஊர்ப் பெரியவர் இரண்டு பேரிடம் ஒரு வார்த்தை சொல்வார். அதுவே பெரும்பாலும் போதும். இப்படி நீதிமன்றத்துக்கு வராததால் ஆவணக் காப்பகத்துக்கும் இந்தக் கடன் வந்து சேரவில்லை.

அரசாங்கம் ஊரகக் கடனை எண்ணிப் பார்த்தபோதும் இது முழுவதுமாகப் பிடிபட்டதாக எனக்குத் தோன்றவில்லை. ரிசர்வ் வங்கி 1951-52இல் நடத்தி 1954இல் வெளியிட்ட அனைத்திந்திய ஊரகக் கடன் ஆய்வு, விவசாயிகள் வாங்கிய கடனில் தொழில்முறை வட்டிக்காரர் பங்கு 44.8 சதவீதம், விவசாயம் செய்துகொண்டே வட்டிக்குக் கொடுப்பவர் பங்கு 24.9 சதவீதம் என்றது. கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது 3.1 சதவீதமே. வணிகரும் தரகரும் சேர்ந்து 5.5 சதவீதம். விதை வாங்கவும் மாடு பிடிக்கவும் கலியாணத்துக்கும் வாங்கிய தொகையைத்தான் விவசாயி கடன் என்று சொல்லியிருப்பார். அரைப்படி உளுந்தைக் கடன் என்று எண்ணிச் சொல்லியிருப்பாரா என்பதே என் ஐயம். அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது முதன்மையாக விவசாயியை. நிலமில்லாத கூலி வீட்டுக்குக் கடை நோட்டைத் தவிர வேறு கடன் வழி ஏது?

கடைக்காரரிடம் கடனைத் தவிர அறிவும் கிடைத்தது. இன்றைக்கு விருதுநகரில் மிளகாய் என்ன விலை, எந்தப் பஸ் எத்தனை மணிக்கு, மனு எழுத யாரைப் பார்ப்பது, பிள்ளையைச் சேர்க்க எந்த விடுதியில் இடம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும், அல்லது தெரிந்தவரைத் தெரியும். தினத்தந்தியை ஒருவர் உரக்கப் படிக்க நாலு பேர் கேட்டது பெரும்பாலும் டீக்கடையில்தான். டீக்கடை இல்லாத சிற்றூரில் இந்தத் திண்ணையில். காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் மாத்திரையும் இங்கேதான். இதற்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆயிரம் பேருக்கு மேற்படாத கிராமங்களில் ஆஸ்பிரின், பாரசிட்டமால், கிரைப் வாட்டர் போன்ற சில வீட்டு மருந்துகளை உரிமம் இல்லாமல் விற்க 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் ‘கே’ அட்டவணை விலக்களிக்கிறது.

கடையைப் பற்றிப் பேசுகிறவர்கள் எப்போதும் ஆணைப் பற்றியே பேசுகிறார்கள். வாரத்துக்கு ஒரு நாள் அவர் சரக்கெடுக்க டவுனுக்குப் போய்விடுவார். அன்று கல்லாவில் உட்கார்பவள் மனைவி. உளுந்தில் கல் பொறுக்கியதும், மல்லியைக் காயவைத்ததும், புளியைக் கொட்டை நீக்கி உருட்டியதும் அவள்தான். கடைப்பையன்களுக்குப் பொங்கிப் போட்டதும், இரவு பதினொரு மணிக்குப் பிள்ளைக்கு வயிற்றுவலி என்று கதவைத் தட்டியவளுக்கு ஓமம் எடுத்துக் கொடுத்ததும் அவளே. ஊர்ப் பெண்கள் புருசனுக்குத் தெரியாமல் சேர்த்த சிறுவாட்டுப் பணத்தை அவளிடம்தான் கொடுத்து வைத்தார்கள். அந்தக் கணக்கு நோட்டில் ஏறவே இல்லை. வாங்கியவளும் கொடுத்தவளும் மனத்தில் வைத்திருந்தார்கள். கணவன் இறந்தபின் இருபது முப்பது ஆண்டு கடையைத் தனியாக நடத்திய பெண்கள் பலர் உண்டு. அந்தக் கடைகளும் கடைசிவரை கணவர் பெயராலேயே அழைக்கப்பட்டன.

கடைப்பையன்கள் பற்றியும் மழுப்பக் கூடாது. சொந்தத்தில் ஏழைப் பையனைப் பத்துப் பன்னிரண்டு வயதில் கூட்டிவந்து, சோறும் துணியும் கொடுத்து, சம்பளத்தை முதலாளி கணக்கில் சேர்த்து வைத்து, இருபது வயதுக்கு மேல் அதை முதலாக்கித் தனிக்கடை வைத்துக் கொடுப்பது வழக்கம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் இந்த வழியில் எழுந்தன. உறவின்முறை, 1910இல் தொடங்கிய நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கியாகப் பெயர் மாறிய நிறுவனம் ஆகியவை அந்த எழுச்சியின் வெளித்தெரிந்த வடிவங்கள். ஆனால் சேர்த்து வைத்த சம்பளம் கைக்கு வராத பையன்களும் உண்டு. பள்ளிக்கூடம் பார்க்காமல் போன பையன்கள் அதைவிட அதிகம்.

கடன் கொடுக்கிறவரால் மறுக்கவும் முடியும். சிலர் நோட்டில் ஏறவே முடியவில்லை. சிலர் திண்ணையிலும் ஏற முடியவில்லை. தலித் மக்கள் தெருவில் நின்றபடி காசை வைக்க வேண்டும். பொட்டலம் தரையில் வைக்கப்படும் அல்லது கைபடாமல் மேலிருந்து போடப்படும். கோயில் வாசலில் தடுக்கப்பட்டு லண்டன்வரை வழக்காடிய சமூகத்தின் கடைகளிலும் இது நடந்தது. இதை மறைத்துவிட்டுக் கடைக்காரரின் பெருமையை எழுதுவது பொய். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு கடைகளைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பேரால் எவரையும் தடுக்கக் கூடாது என்கிறது. 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டமும் வந்தது. சட்டம் வந்தபின்னும் ஊர்க்கட்டுப்பாடு என்ற ஆயுதம் மிஞ்சியது. ஒரு தெருவோடு தகராறு என்றால் முதலில் அடைக்கப்படுவது கடைக் கதவுதான். அந்தத் தெருவுக்குச் சாமான் கொடுக்கக் கூடாது என்று ஊர் சொன்னால் கடைக்காரர் மீறமாட்டார். பல இடங்களில் அந்த முடிவில் அவரும் ஒரு ஆளாக இருந்தார். 2022 செப்டம்பரில் தென்காசி மாவட்டம் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், தின்பண்டம் வாங்கவந்த தலித் சிறுவர்களிடம் ஊர்க்கட்டுப்பாடு இருப்பதால் உங்கள் தெருவுக்குக் கொடுக்க முடியாது என்று கடைக்காரர் சொல்லும் காணொளி வெளியானது. வழக்குப் பதிவாகிக் கைது நடந்தது. அதிகாரிகள் கடைக்குச் சீல் வைத்தார்கள். திரும்பிப் போன பிள்ளைகளின் முகத்தைப் பார்த்த எவரும் கிராமத்துக் கடையை ஏக்கத்தோடு மட்டும் நினைக்க முடியாது. ஒற்றைக் கடை உள்ள ஊரில் அந்தக் கடையின் கதவு ஊரின் சாதி அதிகாரத்துக்குக் கதவு. டவுனில் சூப்பர் மார்க்கெட் வந்ததை இந்த மக்கள் விடுதலையாகக் கண்டார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

பற்று நோட்டின் காலம் எப்படி முடிந்தது? சூப்பர் மார்க்கெட்டால் என்று சொல்வது எளிது. என் பார்வையில் முதல் காரணம் அரிசி. நோட்டில் பெரிய தொகையாக நின்றது அரிசிதான். ரேஷன் கடையில் கிலோ 2006இல் இரண்டு ரூபாய், 2008இல் ஒரு ரூபாய், 2011 ஜூன் முதல் இலவசம் என்று ஆனபோது அந்த வரி நோட்டிலிருந்து கழன்றுபோயிற்று. மழை பொய்த்தால் அடுப்பெரியாது என்ற பயம் தளர்ந்தது. கடைக்காரரின் அதிகாரத்தைக் குறைத்ததில் இதற்கு இணையாக எதையும் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அதற்கு முன்பே, 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் மாநிலமெங்கும் பரவிக் கடனுக்கு வேறு வழி காட்டியிருந்தன. 2006 முதல் வேலையுறுதித் திட்டக் கூலியும் சேர்ந்தது. அவற்றின் பின்னால் நுண்கடன் நிறுவனங்கள் வந்தன. அங்கே தவணை செவ்வாய்க்கிழமை என்றால் செவ்வாய்க்கிழமை. மழை பெய்ததா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று கேட்கிற ஆள் இல்லை. அண்ணாச்சியின் தவணை மேகத்தைப் பார்த்து நகர்ந்தது. இதைச் சொல்வது பழையதைப் புகழ்வதற்காக அல்ல. இப்போதைய கடனை வடிவமைப்பவர்கள் அதிலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது என்பதற்காக.

இன்னொரு மாற்றம் பாக்கெட்டுகளால் வந்தது. கடலூர் சின்னி கிருஷ்ணன் காட்டிய வழியில் அவர் குடும்பத்தார் ஷாம்புவைச் சிறு உறையில் அடைத்து விற்றார்கள். 1983இல் தொடங்கிய ‘சிக்’ கிராமம் கிராமமாகப் போனது. அதன்பின் மிளகாய்ப் பொடி, மசாலா, காப்பித்தூள், தேங்காய் எண்ணெய் எல்லாம் சரஞ்சரமாகத் தொங்கின. மூட்டையைப் பிரித்து ஐந்து காசுக்கும் பத்துக் காசுக்கும் பகுத்துக் கொடுப்பது அதுவரை கடைக்காரரின் தொழில். அந்தத் தொழிலைக் கம்பெனி எடுத்துக்கொண்டது. விலையை உறையிலேயே அச்சடித்ததால் கடனுக்கு ஒரு விலை, ரொக்கத்துக்கு ஒரு விலை என்பதும் முடிந்தது. வாங்குகிறவருக்கு இது நல்லது. ஆனால் கடன் தாங்கும் வலுவும் அந்த இடைவெளியில்தான் இருந்தது. அது போனதும் ‘கடன் அன்பை முறிக்கும்’ என்ற அட்டை கண்ணாடிப் பெட்டியில் ஏறியது. தொண்ணூறுகளின் கடைசியில் மினிபஸ் ஊருக்குள் வந்தது. மோட்டார் பைக்குகள் பெருகின. மாதச் சாமானை டவுனில் வாங்கிக்கொண்டு, அவசரத்துக்கு மட்டும் ஊர்க்கடை என்றாயிற்று. இன்று அதே கடையில் க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கிறது. நோட்டு அடியோடு மறைந்துவிடவில்லை. கூலி தாமதமாகும் வாரங்களில், பள்ளி திறக்கும் மாதத்தில் இன்னும் அது வெளியே எடுக்கப்படுகிறது.

பழைய நோட்டுகள்தான் வேகமாக அழிகின்றன. கடையை மூடும்போது பிள்ளைகள் தராசையும் படியையும் நினைவுக்கு எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். நோட்டுகள் எடைக்குப் போகின்றன. ஒரு கிராமத்தின் பத்தாண்டு நோட்டுகள் கிடைத்தால் எந்தச் சாதி வீடு எவ்வளவு அரிசி வாங்கியது, எந்த ஆண்டில் கேழ்வரகும் கம்பும் நின்று அரிசி வந்தது, எந்தப் பஞ்சத்தில் யார் ஊரைவிட்டுப் போனார்கள், விலை எப்படி ஏறியது, யாருக்கு நோட்டில் பக்கமே இல்லை என்பதையெல்லாம் ஊகிக்காமல் எழுத முடியும். தென்மாவட்டக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகளும் பொருளியல் துறைகளும் மாணவரைத் தம் சொந்த ஊருக்கு அனுப்பி இதைச் செய்யலாம். 1916இல் சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் அப்படித்தான் மாணவர்களை அனுப்பினார். சிவகாசிக்கு அருகிலுள்ள வடமலாபுரம் முதலிய ஊர்களின் பொருளியல் நிலைமை நமக்கு இன்று தெரிவது அதனால்தான்.

உங்கள் வீட்டுப் பரணிலோ, மூடிய கடையின் அலமாரியிலோ நீளவாக்கில் தைத்த அந்த நோட்டுகள் இருந்தால் பழைய பேப்பர்க்காரரிடம் போட வேண்டாம். அருகிலுள்ள கல்லூரி நூலகத்திலோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள். கொடுக்க மனமில்லையென்றால் படமெடுத்தாவது வையுங்கள். வெளியிடும்போது வீடுகளின் அடையாளத்தை மறைத்துவிட வேண்டும். அந்த மக்கள் கடைக்காரரை நம்பிச் சொன்ன கணக்கு அது.